மண்குதிரைக்கு வண்ணம்! உயிர்க்குதிரைக்கு?

திண்டுக்கல் மணிக்கூண்டின் அருகே ஓர் இரவு. பொதுக்கூட்டம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. தேநீர்க் கடையிலே நாங்கள் நான்கைந்து பேர். எதிரே குப்பைத் தொட்டி. அதிலே முகம் புதைத்து நின்றது ஓர் உருவம். மாடு என்றுதான் முதலில் எண்ணினேன். நிமிர்ந்து பார்த்தது. குதிரை!

குதிரை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தோளிலே சேணம் அறுத்த புண். புண்ணிலே ஈக்கள். குளம்புகள் வளர்ந்து, முனை வளைந்து, செருப்பைத் திருப்பிப் போட்டவன் நடப்பது போல ஒரு நடை. வாயிலே பாலித்தீன் பை. மென்றுகொண்டிருந்தது!

சற்று முன்னே மேடையிலே நான் பேசிய பேச்சு மனிதாபிமானம் பற்றியது. கைதட்டல் காதிலே இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர், படியிலே குந்தியிருந்த ஒரு பெரியவரைக் காட்டி, "அவருடைய குதிரைதான்" என்றார். சுடச்சுடச் சொற்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"பெரியவரே, உழைத்துப் போட்ட உயிரை இப்படித் தெருவில் விடலாமா?"

அவர் கோபப்படவில்லை. "விற்றால், வாங்குகிறவன் இன்னும் பாரம் ஏற்றுவான், தம்பி. கட்டி வைத்தால் கொட்டிலிலேயே பட்டினியில் சாகும். அவிழ்த்து விட்டால் எங்கேயாவது நாலு வாய் தின்னுமே என்றுதான் விட்டேன். நானும் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை" என்றார்.

தேர்ந்தெடுத்த சொற்கள் தொண்டையிலே நின்றன. எலும்பும் தோலுமாக அங்கே நின்றவை இரண்டு. ஒன்றுக்கு நான்கு கால், ஒன்றுக்கு இரண்டு கால். நான்கு காலைப் பார்த்து இரக்கப்பட்ட நான், இரண்டு காலைப் பார்த்து ஏசப் போனேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கந்தான் இன்று இதை எழுத வைக்கிறது.

வேளாரின் குதிரையும் வண்டிக்காரரின் குதிரையும்

நம் வட்டாரத்துச் சிற்றூர்களின் எல்லையிலே அய்யனார் கோயிலைப் பாருங்கள். மண்ணாலான குதிரைகள் அணிவகுத்து நிற்கும். நிமிர்ந்த கழுத்து, உருண்ட கண், கழுத்திலே மணி, முதுகிலே சேணம். வேளாரின் கைவண்ணத்தைக் குறை கூறேன். சுட்ட மண்ணிலே உயிர் ஊட்டும் கலைஞன் அவன். ஆனால் கேட்கிறேன்: தின்னாத குதிரைக்குப் படையல்! நடக்காத குதிரைக்குச் சேணம்! புண்ணே வராத குதிரைக்குப் புது வண்ணம்! ஊருக்குள்ளே தின்னும் குதிரை, நடக்கும் குதிரை, புண்பட்ட குதிரை; அதற்குக் குப்பைத் தொட்டி! இது என்ன நீதி?

பசுவுக்கென்று கோசாலைகள் உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புண்ணியம் தரும் விலங்கென்று ஏடு சொன்னால் புல்லுக்கட்டு, சொல்லாவிட்டால் பாலித்தீன் பை என்றால், அது பரிவு அல்ல, வாணிபம். பசி எந்த ஏட்டையும் படித்துவிட்டு வருவதில்லை.

இந்த மண்ணுக்குக் குதிரை அந்நியமா? குதிரையின் பெயரே தலைவனின் பெயராகத் திகழ, காரி என்றும் ஓரி என்றும் வள்ளல்கள் வாழ்ந்த நாடு இது. கடல் வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. அதோ தெரிகிற திண்டுக்கல் மலைக்கோட்டை, நாயக்கர் படையும் ஐதர் அலியின் படையும் குதிரைக் குளம்பொலி எழுப்பிய இடம்.

பெருமை பேசிவிட்டோம். இனிச் சிறுமையையும் பேசுவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதி வைத்தான். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை மன்னன் விலைக்கு வாங்குகிறான்; ஆண்டு முடிவதற்குள் மிகப்பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன; காரணம், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்றான்! பொன்னைக் கொட்டி வாங்கினோம். பேணத் தெரியாமல் கொன்றோம். எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. குப்பைத் தொட்டியருகே நின்ற குதிரை, அந்தக் குற்றச்சாட்டுக்கு இன்னும் விடை கேட்கிறது.

யார் குற்றவாளி?

இரயில் நிலையத்தின் முன்னே ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பழனி அடிவாரத்திலே பல்லாண்டுக் காலம் பயணிகளைச் சுமந்தது குதிரை வண்டி. பேருந்து வந்தது, ஆட்டோ வந்தது. வண்டியின் காலம் போனது. காலம் மாறுவதைத் தடுக்க வேண்டும் என்று பகுத்தறிவாளன் எவனும் சொல்லமாட்டான். இந்தியா முழுதும் குதிரைகளின் எண்ணிக்கை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறே கால் லட்சம். 2019இல் ஏறத்தாழ 3.4 லட்சம். ஏழே ஆண்டில் பாதிக்கு அருகே குறைந்தது!

மிஞ்சியிருப்பவை என்ன செய்கின்றன? கொடைக்கானல் ஏரிக்கரையிலே சுற்றுலாப் பயணியைச் சுமக்கின்றன. ஊர்வலத்திலே மாப்பிள்ளையைச் சுமக்கின்றன. சிறுமலையிலே வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் சுமக்கின்றன. சிறுமலை உழவர்களை இங்கே பாராட்டியாக வேண்டும். மாட்டுக்குப் பொங்கல் வைக்கும் நாட்டிலே குதிரைக்குப் பொங்கல் வைக்கும் மக்கள் அவர்கள்! சுமக்கும் உயிருக்கு நன்றி சொல்லத் தெரிந்தவர்கள்.

குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழக்கூடியது. கடும் உழைப்புக்கு உரிய காலமோ அதில் பாதிதான். எஞ்சிய ஆண்டுகளில் தீனி போடுவது யார்? அன்றாடம் காய்ச்சியான வண்டிக்காரரா? தனக்கே ஓய்வூதியம் இல்லாதவர் தன் குதிரைக்கு ஓய்வூதியம் தருவாரா?

பணக்காரன் வீட்டுக் குதிரைக்கும் இதே கேள்விதான். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் கலைஞர் ஆட்சி சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டது. பந்தயம் சூதல்ல, திறமை விளையாட்டு என்று 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சூதா, திறமையா என்று இருபத்திரண்டு ஆண்டு வாதாடினார்கள். ஓடி ஓய்ந்த குதிரை எங்கே போகும் என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை!

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு! 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. பட்டினி போடுவது குற்றம், கைவிடுவது குற்றம். தண்டனை? முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! திண்டுக்கல்லிலே அரைப் பிளேட் பிரியாணிகூட அந்த விலைக்கு வராது. 1965ஆம் ஆண்டின் விதிகள் மட்டக்குதிரை முதுகிலே எழுபது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஓட்டக்கூடாது என்கின்றன. சித்திரை வெயிலில் திண்டுக்கல் சமவெளியிலே நின்று பாருங்கள், அந்த விதியின் அருமை தெரியும். எழுதியவர்கள் நன்றாகத்தான் எழுதினார்கள். படித்தவர்கள் எத்தனை பேர்?

இரக்கமும் கொல்லும்!

"சரி, நானே பிடித்துப் போய்க் காப்பாற்றுகிறேன்" என்று கிளம்பும் நல்ல உள்ளங்களுக்கு ஓர் எச்சரிக்கை. குதிரை என்றால் கொள்ளு என்று நமக்குத் தெரியும். பட்டினியிலே சுருண்ட குதிரையின் முன்னே ஒரு வாளி கொள்ளை வைத்தால், அது அன்பல்ல, நஞ்சு! வற்றிய உடலுக்குள் மாவுச்சத்து திடீரென்று பாயும்போது, இரத்தத்திலுள்ள பாஸ்பரசு போன்ற உப்புகள் தாழ்ந்து இதயமே நின்றுபோகக்கூடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிசு கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன முறை இது: முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அல்பால்பா புல். பிறகு பத்து நாள் வரை சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தானியம் அதற்கு வெகுநாள் பின்னர்தான். அந்த அல்பால்பாவுக்கு நம் உழவன் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? குதிரைமசால்! பெயரிலேயே மருந்து இருக்கிறது, நாம்தான் மறந்தோம்.

அடுத்து பல், குளம்பு, புண். தேயாத பல் கூர்முனையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதை அராவினால்தான் மெல்ல முடியும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். குதிரையை எளிதில் பிடிக்கும் நோய் இசிவு நோய். ஆகவே தடுப்பூசி வேண்டும். பாலித்தீன் தின்ற குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. குடல் அடைத்துத் துடித்தே சாகும். ஆகவே மருத்துவர் வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். உடல் தேறினாலும் போதாது. அடித்த கையைக் கண்டு மிரண்ட குதிரை, நீட்டிய கையை நம்பி முகர்ந்து பார்க்கும் நாள் வருமே, அந்த நாள்தான் அது பிழைத்த நாள்.

இது கனவு அல்ல. நீலகிரியிலே மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் ஒரு காப்பகம் இருக்கிறது. 'இந்தியா புராஜெக்ட் பார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்' என்ற அமைப்பு நடத்துவது. கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளும் கழுதைகளும் அங்கே அடைக்கலம் பெறுகின்றன. நீலகிரியால் முடிந்தது, திண்டுக்கல்லால் முடியாதா?

உலகத்தையும் பாருங்கள். 1930இல் கெய்ரோ நகருக்குப் போன டாரதி புரூக் என்ற ஆங்கில மாது, முதல் உலகப் போரில் படையிலே உழைத்த குதிரைகள், கிழட்டுப் பருவத்தில் ஏழைகளின் வண்டியிலே துவள்வதைக் கண்டார். நன்கொடை திரட்டி ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கினார். பலவற்றுக்கு அவர் தர முடிந்தது அமைதியான சாவு ஒன்றுதான். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 1934இல் மருத்துவமனை கண்டார். உழைக்கும் குதிரைகளுக்கு அங்கே இலவச மருத்துவம். குதிரையை மீட்பதற்கு வழி குதிரைக்காரனுக்கும் கை கொடுப்பதுதான் என்று கண்டுகொண்டார்!

வீடு கிடைக்க வேண்டும், இருவருக்கும்!

"மனிதனுக்கே சோறில்லை, குதிரைக்கா?" என்று கேட்கும் குரல் என் காதிலே விழுகிறது. நண்பரே, அந்த இரவு நான் கண்டது என்ன? குதிரையும் மனிதனும் ஒரே வீட்டிலே பட்டினி! ஒருவர் சோற்றைப் பிடுங்கி மற்றவருக்குப் போடச் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே வழியிலே விடிவு வேண்டும் என்கிறேன்.

அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை 1973இல் கலைஞர் ஒழித்தார். ஒழித்துவிட்டு, இழுத்தவனைத் தெருவில் விட்டாரா? இல்லை! கையிலே சைக்கிள் ரிக்‌ஷாவைக் கொடுத்தார். இழிவு போக வேண்டும், பிழைப்பு போகக்கூடாது. 2015இல் மும்பை விக்டோரியா வண்டிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று தீர்ப்பளித்த பம்பாய் உயர்நீதிமன்றமும், குதிரைகளுக்கு மட்டுமல்ல, வண்டிக்காரர் குடும்பங்களுக்கும் மறுவாழ்வுத் திட்டம் வேண்டும் என்றது.

ஆகவே கேட்கிறோம். மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இயங்க வேண்டும், அதற்கு நிலமும் வசதியும் அரசு தர வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. திண்டுக்கல் சமவெளியிலே, நிழலும் நீரும் உள்ள சில ஏக்கர் நிலம் ஒதுக்குங்கள். அங்கே குதிரைமசால் பயிரிடுங்கள். மாதம் இரு முறை கால்நடை மருத்துவர் வரட்டும். அங்கே முதல் வேலை யாருக்கு? கோட்டுப் போட்டவருக்கல்ல. குதிரையின் காது அசைவைக் கண்டே அதன் நோயைச் சொல்லும் அந்த முதிய வண்டிக்காரருக்கு! மாதச் சம்பளத்தோடு! அவரைவிடப் பெரிய பேராசிரியர் எங்கே கிடைப்பார்?

தேறிய குதிரைக்கு வீடு தேடுங்கள். விற்பனை வேண்டாம், வளர்க்கக் கொடுங்கள். உரிமை காப்பகத்துக்கே. வாங்குகிறவர் வீட்டிலே மேய இடமும் நிழலும் உண்டா என்று நேரில் பாருங்கள். விற்கக்கூடாது, வாடகைக்கு விடக்கூடாது, முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கூட்டமாக வாழும் விலங்கு அது; இரண்டிரண்டாகக் கொடுங்கள். தோட்டமுள்ள உழவர்கள் இருக்கிறார்கள், பொங்கல் வைக்கும் சிறுமலை மக்கள் இருக்கிறார்கள். கேட்டால் கதவு திறக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

குளிரிலே நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தானே பேகன், அவன் எந்த ஊர்க்காரன்? பொதினி என்ற பழனி மலைக்குத் தலைவன், நம் மாவட்டத்துக்காரன்! கேளாத மயிலுக்குக் கொடுத்தவன் மண்ணிலே, குப்பையைக் கிளறிக் கேட்கும் குதிரைக்குப் பதில் இல்லையா?

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பது பழமொழி. அந்த உயிர்க்குதிரையோ, மனிதனை நம்பி இறங்கியது. பாரத்தைச் சுமந்தது, வெயிலைச் சுமந்தது, சவுக்கைச் சுமந்தது. நடு ஆற்றிலே கரைந்து போனது குதிரையல்ல, தோழர்களே.

நாம்!