‘பரவாயில்லை’ என்னும் சொல்லும் ஒரு சான்றிதழும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, கலிபோர்னியாவில் எங்களோடு வாழும் என் தாயார் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் பிரித்த பின்னும் விரல்கள் மடங்கவில்லை. கைச் சிகிச்சைக்காக ஒரு நிலையத்திற்கு அனுப்பினார்கள். அன்று எனக்கு அலுவலகத்தில் தவிர்க்க இயலாத பணி. பாட்டிக்குத் துணையாக என் மனைவியுடன் சென்ற பன்னிரண்டு வயது மகனே, மனைவி காப்பீட்டுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த வேளையில் மொழிபெயர்ப்பாளனாகவும் ஆனான்.

சிகிச்சையாளர் மணிக்கட்டின் மேல் சூட்டுப்பொதியை வைத்தார். சிறிது நேரம் கழித்துச் சூடு இதமாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். “பாட்டி, ஓகேவா?” என்றான் மகன். “பரவாயில்லப்பா” என்றார் அம்மா. “ஷீ இஸ் ஃபைன்” என்று அது மொழிபெயர்க்கப்பட்டது. பொதியை எடுத்தபோது தோல் கன்றிச் சிவந்திருந்தது. நல்லவேளையாகக் கொப்புளம் எழவில்லை. இரவில் கேட்டபோதுதான், வைத்த சில நிமிடங்களிலேயே எரியத் தொடங்கிவிட்டது என்றார். “அந்தப் பொண்ணு எவ்வளவு அக்கறையாச் செய்யுது, எதுக்கு அதைச் சங்கடப்படுத்தணும்னு இருந்துட்டேன்” என்பதே அவர் சொன்ன காரணம்.

அந்தச் சிகிச்சையாளரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். கிடைத்த பதிலை நம்பினார். ஆயினும் பொறியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. உடலுக்குள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒலி அலைகளையும் செலுத்தும் ஒருவருக்கு என்ன பயிற்சி அளிக்கப்படுகிறது? அதற்கு யார் சான்றளிக்கிறார்கள்? அப்பயிற்சியில் நம் அம்மாக்களின் ‘பரவாயில்லை’க்கு இடம் உண்டா? அவற்றைத் தேடி அறிந்ததன் விளைவே இக்கட்டுரை.

தொழில்வழிச் சிகிச்சை என்பது என்ன?

‘ஆக்குபேஷனல் தெரபி’ எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையை வேலை தேடித்தரும் ஏற்பாடு என்று நம்மவர் பலர் தவறாக எண்ணுகின்றனர். இங்கே தொழில் என்பது அன்றாடச் செயல்களைக் குறிக்கும். சட்டைப் பொத்தான் போடுதல், சோற்றைப் பிசைந்து உண்ணுதல், எழுதுதல், குளித்தல் ஆகிய செயல்களை நோயோ விபத்தோ பறித்துக்கொள்ளும்போது அவற்றை மீட்டுத்தருவதே இத்துறையின் பணி. அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கம் 1917ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தோற்றுவிக்கப்பட்டது. முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் மறுவாழ்வுப் பணியின் ஊடாக அது வளர்ந்தது.

விறைத்துப்போன மூட்டைச் செயலுக்கு ஆயத்தப்படுத்த வெப்பம், குளிர், நீர், ஒளி, ஒலி, மின்சாரம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதை ‘பிசிக்கல் ஏஜென்ட் மொடாலிட்டிஸ்’ என்கின்றனர். தமிழில் இதனை இயற்பியல் காரணிச் சிகிச்சை எனலாம். நம் பாட்டிமார் கொடுத்த ஒத்தடமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சைச் சங்கத்தின் நிலைப்பாடு இதில் தெளிவானது: இக்காரணிகள் செயலுக்கான ஆயத்தமாகவோ துணையாகவோ இருக்கலாம், அவற்றை மட்டுமே தனித்துக் கொடுத்து அனுப்புவது தொழில்வழிச் சிகிச்சையாகாது. அதாவது, சூடு வைத்த பிறகு அந்தக் கை ஏதேனும் ஒரு செயலைச் செய்தாக வேண்டும்.

கருவிகளின் பின்னால் உள்ள இயற்பியல்

சூட்டுப்பொதிகள் ஏறத்தாழ 70 முதல் 75 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைக்கப்பட்டிருப்பவை. இடையே பல அடுக்குத் துணி இருப்பதால்தான் தோல் பிழைக்கிறது. தோலின் வெப்பம் 45 பாகையைத் தாண்டி நீடித்தால் திசுக்கள் சேதமடையும். உருகிய பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுக்கும் சிகிச்சையில் மெழுகு 50 பாகைக்கு மேல் இருந்தும் சுடுவதில்லை. மெழுகின் தன்வெப்பம் நீரைவிடக் குறைவு என்பதும், அது தோலுக்கு வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது என்பதும் இதற்குக் காரணங்கள். அதே வெப்பநிலையில் உள்ள நீரில் கையை வைத்திருந்தால் வெந்துவிடும்.

மீயொலிக் கருவியில் 1 மெகாஹெர்ட்ஸ் அலை ஆழமாகவும், 3 மெகாஹெர்ட்ஸ் அலை தோலை ஒட்டிய பகுதியிலும் வெப்பத்தை உண்டாக்கும். கருவியின் தலையை ஓரிடத்தில் நிறுத்தினால் அலை குவிந்து எலும்பின் மேலுறை சூடேறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. நோயாளிக்கு உள்ளே ஆழ்ந்த குடைச்சலாகத் தோன்றும். இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு மின்தூண்டல் ஆபத்தாகலாம். புற்றுநோய்க் கட்டியின் மேலும் கருவுற்ற வயிற்றின் மேலும் மீயொலியைச் செலுத்தலாகாது. நீரிழிவால் உணர்விழந்த கைகால்களில் வெப்பம் வைத்தால், சுடுவதே நோயாளிக்குத் தெரியாது. நம் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சட்டம் கேட்பது என்ன?

இத்துறையில் பட்டமும் தேசியத் தேர்வும் மாநில உரிமமும் பெற்ற ஒருவர், இக்கருவிகளைக் கையாள மேலும் தகுதி பெற வேண்டுமா என்பதில் மாநிலங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், இக்காரணிகளைப் பயன்படுத்துவது மேம்பட்ட பயிற்சிக்குரிய பிரிவுகளுள் ஒன்று. அதற்கு 30 மணி நேரக் கல்வியும் 240 மணி நேர மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் முடித்து, மாநில வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஜார்ஜியா 90 மணி நேரப் பயிற்சியைக் கோருகிறது. புளோரிடாவிலோ மின்தூண்டலுக்கு 4 மணி நேரப் பயிற்சியும் மேற்பார்வையில் 5 சிகிச்சைகளும் போதுமானவை. மனித உடல் எல்லா மாநிலங்களிலும் ஒன்றுதான். அளவுகோல்களோ இவ்வளவு வேறுபடுகின்றன.

இத்தகைய கூடுதல் சான்று தேவையற்றது என்று வாதிடுவோரும் உள்ளனர். 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு 2020இல் நடைமுறைக்கு வந்த கல்வித் தரநிலைகள், இக்காரணிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் திறனைப் பட்டப்படிப்பிலேயே சேர்த்துவிட்டன. ஆகவே இரண்டாவது சான்று கட்டணத்தையும் காலத்தையும் வீணாக்கும். மாநிலம் மாறும் சிகிச்சையாளர் மீண்டும் வரிசையில் நிற்க நேரிடும். சிகிச்சையாளர் குறைந்த ஊர்களில் நோயாளிகளே பாதிக்கப்படுவர் என்பன அவர்களின் வாதங்கள். இவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. வேலைக்காகவும் விசாவுக்காகவும் ஊர் ஊராக மாறிய நமக்கு இந்தத் தொல்லை நன்கு தெரியும்.

எனினும் வகுப்பில் கற்பது ஒன்று. மேற்பார்வையாளர் அருகில் நிற்க, உண்மையான நோயாளியின் கையில் கருவியை வைப்பது மற்றொன்று. கணினித் துறையில் தேர்வை மட்டும் எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். நேரடி வழங்கியில் கை வைக்கும்போதுதான் அவர்களின் உண்மையான திறன் வெளிப்படும். அங்கே தவறு நேர்ந்தால் காப்புப்பிரதியிலிருந்து மீட்கலாம். வெந்த தோலுக்குக் காப்புப்பிரதி இல்லை. ஆகவே 30 மணி நேரக் கல்வியைவிட, 240 மணி நேரப் பயிற்சியே இச்சான்றின் உயிர் என்பது என் கருத்து. இதனைக் கைவிடுவதற்கு மாறாக, எல்லா மாநிலங்களும் ஏற்கும் ஒரே அளவுகோலாக ஆக்குவதே அறிவுடைமையாகும்.

சான்றில் விடுபடும் பகுதி

கலிபோர்னியச் சட்டம் இப்பயிற்சியில் இடம்பெற வேண்டிய பொருள்களைப் பட்டியலிடுகிறது. உடற்கூறு, இயற்பியலும் வேதியியலும், பாதுகாப்பு விதிகள், பதிவுசெய்யும் முறை, கருவியின் இயக்கமும் பழுதின் அறிகுறிகளும் ஆகியவற்றோடு, நோயாளியை ஆயத்தப்படுத்துவதும் அப்பட்டியலில் உண்டு. சிகிச்சை எவ்வாறு நடைபெறும், அதன் விளைவுகள் எவையாக இருக்கலாம் என்று நோயாளிக்கு எடுத்துரைப்பதையும் சட்டம் அதில் அடக்குகிறது. நோயாளிக்குப் புரியாத மொழியில் எடுத்துரைத்தால் அக்கடமை நிறைவேறியதாகுமா? ஆகாது என்பதே என் வாதம்.

சற்றே எண்ணிப் பாருங்கள். வெப்பச் சிகிச்சைக்கு முன் சூட்டையும் குளிர்ச்சியையும் நோயாளி பிரித்தறிகிறாரா என்று சோதிக்க வேண்டும். மீயொலியின்போது குடைச்சல் தோன்றினால் உடனே கருவியை நகர்த்தவோ நிறுத்தவோ வேண்டும். மின்தூண்டலின் அளவை நோயாளி சொல்வதை வைத்தே ஏற்றி இறக்க வேண்டும். இம்மூன்றிலும் அளவுமானி நோயாளியின் வாய்ச்சொல்லே ஆகும். அந்த அளவுமானி தமிழில் பேசுகிறது. சுடுகிறது, எரிகிறது, காந்துகிறது, சுருக்கென்று குத்துகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, குடைகிறது, மதமதக்கிறது, மரத்துப்போய்விட்டது என ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு உணர்வைக் குறிக்கும். ‘எரிகிறது’ என்றால் உடனே நிறுத்த வேண்டும். ‘மதமதக்கிறது’ என்றால் தொடங்கியே இருக்கக் கூடாது. இவையனைத்தும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் வாயில் ‘ஃபைன்’ என்று ஆகிவிடுகின்றன.

இதில் அச்சிறுவனின் பிழை எதுவும் இல்லை. அவனை அங்கே நிறுத்திய நாம்தான் பொறுப்பாளிகள். 2010ஆம் ஆண்டு நிறைவேறிய நலக்காப்புச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் அதன் விதிகளும், மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் ஆங்கிலம் அறியாதோருக்குத் தகுதி வாய்ந்த மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி அளிக்க வேண்டும் என்கின்றன. அவசரநிலை தவிர்ந்த வேளைகளில் சிறுவரை மொழிபெயர்ப்பாளராக நம்பியிருக்கலாகாது என்பதும் அவ்விதிகளில் அடங்கும். இவ்வுரிமையை நாம் கேட்டுப் பெறுவதில்லை. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நாமும் ‘பரவாயில்லை’ என்றே சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்ய வேண்டுவன

பெற்றோர்களே, உங்கள் தாய் தந்தையரை இத்தகைய சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போது தயங்காமல் கேளுங்கள். இக்கருவியைப் பயன்படுத்த உங்களுக்குத் தனிப் பயிற்சியோ வாரியத்தின் ஒப்புதலோ உண்டா? சூடு வைத்த பின் என்ன செயலைப் பயிற்றுவிப்பீர்கள்? இவ்வாறு கேட்பது அவமதிப்பன்று. நல்ல சிகிச்சையாளர் மகிழ்ந்து விடையளிப்பார். முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தொலைபேசி வழியாகவும் இணைக்க முடியும். நீரிழிவு, இதயமுடுக்கி, புற்றுநோய் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். மோதிரம், வளையல், தாலிச் சங்கிலி போன்றவற்றைக் கழற்றச் சொன்னால் ஏன் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே விளக்குங்கள். கழற்ற மனமின்றி அவர் சிகிச்சையையே மறுத்துவிட நேரிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலிருந்து புறப்படும் முன் அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: “அம்மா, அங்கே பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். சுட்டால் சுடுகிறது என்று சொல்லுங்கள். அதுதான் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் உதவி.”

நம் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேலே குறிப்பிட்ட உணர்வுச் சொற்களைத் தமிழிலும், அவற்றின் ஒலிப்பையும் பொருளையும் ஆங்கில எழுத்திலும் அச்சிட்ட ஒரு பக்க அட்டையை நாமே உருவாக்கலாம். மருத்துவ அறிவுள்ளோர் சரிபார்த்த பின் அதனைச் சிகிச்சை நிலையங்களுக்கு அளிக்கலாம். அது மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாகாது. ஆனால் அவர் இணையும் வரை காவலாக நிற்கும். மொழிபெயர்ப்பாளரோடு பணிபுரியும் பயிற்சியை அந்த 240 மணி நேரத்திற்குள் சேர்க்குமாறு மாநில வாரியத்திற்கு நாம் எழுத வேண்டும். வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் கருத்துரைக்க இடம் உண்டு. சீன மொழியினருக்கும் ஸ்பானிய மொழியினருக்கும் வியட்நாமியருக்கும் இதே இடர்ப்பாடு இருப்பதால், நம் குரல் தனித்து ஒலிக்காது.

இளையோரே, உங்களிடம் கேட்பது வேறு. நம் பிள்ளைகள் என்றால் கணினி அல்லது மருத்துவம் என்று நாங்கள் வரைந்த கோட்டுக்கு வெளியேயும் நல்ல துறைகள் உள்ளன. தொழில்வழிச் சிகிச்சைக்கு முதுகலை அல்லது முனைவர் நிலைப் பட்டம் தேவை. மேலும் 4,000 மணி நேரக் கைச் சிகிச்சை அனுபவம் பெற்றுத் தேர்வெழுதி, 1991 முதல் வழங்கப்பட்டுவரும் கைச் சிகிச்சையாளர் சான்றையும் பெறலாம். இயற்பியல் பிடித்தவருக்கும் மனிதரைப் பிடித்தவருக்கும் ஏற்ற துறை இது. அத்துடன் தமிழும் பேசத் தெரிந்தால், வேறு எவரிடமும் இல்லாத ஒரு கருவி உங்களிடம் இருக்கும். வார இறுதித் தமிழ்ப்பள்ளி எதற்கு என்று கேட்கும் உங்களுக்கு என்னால் இயன்ற விடை இதுவே.

குழந்தைக்கு ஒத்தடம் கொடுக்கும் முன் துணியைத் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார் என் பாட்டி. பேசத் தெரியாத குழந்தையின் சார்பில் தானே சூட்டை உணர்ந்து பார்த்தார். இந்நாட்டில் நம் பெற்றோர், பேசத் தெரிந்தும் பேச முடியாதவர்களாக இருக்கின்றனர். அவர்களின் சொல் சிகிச்சையாளரின் காதுக்குச் சேரும் வரை அந்தச் சான்றிதழ் முழுமை பெறாது. அதனைச் சேர்ப்பிக்கும் கடமை நம்முடையது.