பழகாத கையும் உயிர் காக்கும்
தில்லையடி மக்களின் கோரிக்கைச் சாசனம்

சுகாதார அமைச்சுக்கும், 1990 சுவசெரிய மன்றத்துக்கும், கல்வித் திணைக்களத்துக்கும், எமது பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும்:

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களும், அவர்களுக்கு இடம் கொடுத்த புத்தளத்து மக்களும் சேர்ந்து வாழும் ஊர் இது. எமக்கு மறக்க முடியாத அந்த ஆண்டின் எண்தான் இன்று நாட்டின் இலவச அம்புலன்ஸ் எண். 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிய அந்தச் சேவைக்கு நன்றியுடையோம். ஆனால் இதயம் நின்றவருக்கு, மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. வண்டி வரும்வரை அருகில் நிற்பவர்தான் வைத்தியர்.

அந்த நேரத்தில் நாம் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். ஆளை ஆட்டோவில் மடித்துத் திணிக்கிறோம். களப்பில் மூழ்கிய பிள்ளையின் வயிற்றை அமுக்குகிறோம். நெஞ்சில் கை வைக்க மட்டும் பயம். எலும்பு முறிந்துவிடுமோ, மௌத்தாகிவிட்டால் கோட்டுக்கு ஏற வேண்டி வருமோ என்ற பயம்.

எலும்பு முறியும் என்ற பயத்துக்கு ஆய்வே பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், இதயம் நிற்காதிருந்தும் தவறுதலாக மார்பு அழுத்தம் கொடுக்கப்பட்ட 247 பேரை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு முறிவு ஏற்பட்டது சுமார் 2 சதவீதத்தினருக்கே. உள்ளுறுப்புக் காயம் ஒருவருக்கும் இல்லை. உண்மையாகவே இதயம் நின்றவருக்கு விலா முறியலாம். முறிந்த விலா ஆறும். நின்ற இதயம் தானாக ஓடாது.

ஆகவே கோருகிறோம்:

1. 1990ஐ அழைப்பவருக்கு, வண்டி வந்து சேரும்வரை தொலைபேசியிலேயே தமிழில் வழிகாட்ட வேண்டும்: நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, 5 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை.

2. பாடசாலைகளில் மார்பை அழுத்தும் பயிற்சி கட்டாயமாக வேண்டும். டென்மார்க் 2005இல் இதைச் செய்தது. அங்கு 2001இல் இதயம் நின்ற 5 பேரில் ஒருவருக்கே கிடைத்த அருகிலிருப்போர் உதவி, 2010இல் பாதிப்பேரை நெருங்கியது.

3. மீனவருக்கும் உப்பளத் தொழிலாளருக்கும் தனிப் பயிற்சி வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு அழுத்தம் மட்டும் போதாது. வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும்.

4. பெண்களுக்குப் பெண் பயிற்றுநர்கள் வேண்டும். உயிர் காக்கும் நேரத்தில் ஆண், பெண் தயக்கம் தேவையில்லை என்பதை உலமாக்கள் ஜும்ஆவில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

5. நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்கிலிருந்து காக்கும் தெளிவான சட்டம் வேண்டும். வீதி விபத்தில் உதவுவோருக்கு இந்தியா 2019இல் அப்படியொரு சட்டப் பாதுகாப்பைத் தந்தது.

6. மக்கள் கூடும் பொது இடமொன்றில், இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் தானியங்கிக் கருவியை எந்நேரமும் எடுக்கக்கூடியதாக வைக்க வேண்டும்.

ஊர் மக்களே, இவை நிறைவேறும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். விழுந்தவர் கூப்பிட்டும் அசையவில்லையா? மூச்சு இல்லையா, அல்லது இடைவிட்டு இழுக்கிறதா? உடனே 1990ஐ அழையுங்கள். நெஞ்சில் கை வைத்து அழுத்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.