எட்டாம் வகுப்பு வீட்டிலா? பெற்றோரே, கொஞ்சம் ஒதுங்குங்கள்!

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோர் நம் நாட்டில் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் இருக்கிறார்கள். 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அப்போது எல்லோர் வீடும் பள்ளிக்கூடம் ஆயிற்று. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்தது அப்போதுதான்.

சின்ன வகுப்பு வரை பெரிய தொல்லை இல்லை. அம்மா சொல்லிக்கொடுப்பாள். அப்பா மாலையில் கணக்குப் பார்ப்பார். பிள்ளைக்கு 13 வயது ஆகும்போதுதான் கவலை தொடங்குகிறது.

"அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. அப்புறம் பத்தாவது. அரசுப் பரீட்சை வந்துவிடும். இந்த ஓர் ஆண்டில் என்னென்ன சொல்லிக்கொடுப்பது?"

இந்தக் கேள்விக்குப் பலர் கண்டுபிடிக்கும் பதில் என்ன தெரியுமா? ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை இப்போதே வாங்கிவிடுகிறார்கள். "முன்னாலேயே முடித்துவிட்டால் நல்லதுதானே" என்கிறார்கள். டாக்டர் படிப்புக்கு, என்ஜினீயர் படிப்புக்கு என்று 13 வயதுப் பையனுக்கும் வகுப்பு நடத்தும் கம்பெனிகள் இருக்கின்றன. அதற்கும் பணம் கட்டிவிடுகிறார்கள்.

இது வேண்டாம் என்பது என் கருத்து. அடித்தளத்தில் விரிசல் இருக்கும்போது மேல் மாடி கட்டக்கூடாது. எட்டாம் வகுப்பு ஆண்டில் புதிதாகக் கற்றுக்கொடுக்கவேண்டியது ஒன்றுதான். யாரும் பக்கத்தில் இல்லாமல், தானாக உட்கார்ந்து படிக்கப் பிள்ளைக்குத் தெரியவேண்டும். மற்றவை எல்லாம் பழைய ஓட்டைகளை அடைக்கும் வேலை.

ஏன் அப்படி? ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேரலாம். அங்கே ஒரு வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள். வாத்தியார் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார முடியாது. அல்லது வீட்டில் இருந்தபடியே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். அப்போது வாத்தியாரே இல்லை. எந்த வழியில் போனாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரலால் வரி வரியாகக் காட்ட முடியாது.

எந்தக் கதவு?

திட்டம் போடுமுன் இதை முடிவு செய்யுங்கள். ஆண்டு முடிவில் பிள்ளை எங்கே போகப்போகிறது? ஊர் தெரியாமல் பஸ் ஏறக்கூடாது அல்லவா?

கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ம் ஆண்டு வந்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை படிப்பு இலவசம் என்று அது சொல்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுப் படிப்புக்கு அனுமதி என்றும் இல்லை. வீட்டில் படிக்கவைக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாத பிள்ளையானாலும், அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது. சேர்ப்பதற்காகப் பரீட்சை வைக்கக்கூடாது. ஆனால் இந்த உரிமை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்கு இது கிடையாது. அங்கே "எட்டாவது முடித்த சான்றிதழ் எங்கே?" என்று கேட்பார்கள்.

ஆகவே, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், எட்டாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். சட்டம் திறந்து வைத்திருக்கும் கடைசிக் கதவு அது. கௌரவம் பார்த்து ஓர் ஆண்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டிலேயே இருக்கப்போகிறது என்றால் இரண்டு வழி உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதலாம். அரசுத் தேர்வுகள் துறை நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருக்கவேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, விஞ்ஞானம், சமூக அறிவியல் என்று 5 பாடம். தேறினால் சான்றிதழ் கையில் கிடைக்கும்.

இன்னொன்று, மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். இது 1989-ம் ஆண்டில் தொடங்கியது. 14 வயது முடிந்தவர்கள் பத்தாம் வகுப்புக்கு இதில் சேரலாம். 5 பாடம் தேறவேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை பரீட்சை உண்டு. ஒரே மூச்சில் எழுதவேண்டும் என்பதில்லை. சேர்ந்த பிறகு 5 ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். இந்த வசதி நல்லதும் ஆகும், கெட்டதும் ஆகும். "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிற பிள்ளை ஐந்து ஆண்டும் தள்ளிப்போடும்.

கணக்கில் ஓட்டை

எல்லாப் பாடத்திலும் கணக்குக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும். தினம் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள். சும்மா சில கேள்விகளைக் கேளுங்கள். 0.5 பெரியதா, 0.45 பெரியதா? பல பிள்ளைகள் 0.45 தான் பெரியது என்று சொல்லும். 45 என்பது 5-ஐ விடப் பெரியது என்று நினைத்துக்கொள்ளும். வெங்காயம் கிலோ 40 ரூபாய். முக்கால் கிலோ என்ன விலை? 30 ரூபாய் என்று பேப்பர் இல்லாமல் வரவேண்டும். 3 டிகிரியில் இருந்து 8 டிகிரி குறைந்தால் எவ்வளவு? இதில் தடுமாறும் பிள்ளைக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்து என்ன பயன்? எழுத்துத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதச் சொன்ன கதை ஆகிவிடும்.

தடுமாறினால் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்குப் போங்கள். இதில் வெட்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக் கேட்டால் கேட்கட்டும். பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் சரியாக வந்துவிட்டால், எட்டாம் வகுப்புக் கணக்குப் பாதி முடிந்த மாதிரிதான்.

வட்டிக் கணக்கை வீட்டில் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் கடன். நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி. ஓர் ஆண்டுக்கு வட்டி 2,400 ரூபாய். வட்டியைக் கட்டாமல் விட்டால் வட்டிக்கும் வட்டி ஏறும். அப்போது ஆண்டு முடிவில் கடன் 12,682 ரூபாய். மாதம் மாதமாகப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். கூட்டு வட்டி என்றால் என்ன என்பது பிறகு மறக்காது. வீட்டுக் கடன் பற்றியும் பிள்ளைக்குத் தெரிந்துபோகும். தெரியட்டுமே!

எழுதும் கை

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள். கேள்வி கேட்கிறார்கள். பெரியவர்களிடம் கூச்சம் இல்லை. ஆனால் எழுதச் சொன்னால் பத்து நிமிஷத்தில் கை வலிக்கிறது என்கிறார்கள். வாயால் பதில் சொல்லியே பழகிவிட்டதுதான் காரணம். பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சையில் ஒரு பாடத்துக்கு 3 மணி நேரம் எழுதவேண்டும்.

அதனால் தினமும் ஒரு பக்கம் எழுதவேண்டும். தமிழில் ஒரு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள். பெரிய கட்டுரை வேண்டாம். பத்திரிகையில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, அதை மூடிவைத்துவிட்டுச் சொந்த வார்த்தையில் எழுதட்டும். மாமாவுக்கு ஒரு கடிதம். மின்சார ஆபீசுக்கு ஒரு மனு. மாதத்துக்கு ஒரு நாள் கடிகாரம் வைத்து எழுதட்டும். முதலில் ஒரு மணி, பிறகு ஒன்றரை, ஆண்டு முடிவில் மூன்று மணி.

செல்போனில் பாடம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நல்ல பாடங்கள் இருக்கின்றன. ஆனால் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தால் பசி ஆறுமா? அரை மணி பார்த்தால் அரை மணி எழுதவேண்டும். இதை வீட்டுச் சட்டமாகவே வைத்துவிடுங்கள்.

விஞ்ஞானத்துக்குப் பெரிய சோதனைக்கூடம் தேவை இல்லை. நூலும் கல்லும் கடிகாரமும் போதும். ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். லேசாக ஆட்டுங்கள். 20 தடவை போய்த் திரும்ப ஏறக்குறைய 40 விநாடி ஆகும். நூலைக் கால் மீட்டர் ஆக்குங்கள். 20 விநாடிதான் ஆகும். நூலைக் கால் பங்கு ஆக்கினால் நேரம் பாதி ஆகிறது! கல்லை மாற்றிப் பெரிய கல் கட்டினாலும் நேரம் மாறுவதில்லை. இதைப் பிள்ளை தன் கையால் செய்து நோட்டில் எழுதவேண்டும். எழுதாத சோதனை விளையாட்டு ஆகிவிடும்.

சமூக பாடத்துக்கு, கிராமத்தில் இருப்பவர்கள் பிள்ளையைக் கிராமசபைக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும். யார் என்ன கேட்டார்கள், தலைவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதிக்கொண்டு வரட்டும்.

எப்படி ஒதுங்குவது?

திடீர் என்று கையை விட்டால் பிள்ளை விழுந்துவிடும். சைக்கிள் பழக்குவதுபோலச் செய்யவேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நீங்கள் பாடம் சொல்லுங்கள். அக்டோபரில் இருந்து முறையை மாற்றுங்கள். பாடத்தை முதலில் பிள்ளை படிக்கவேண்டும். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடவேண்டும். அந்தக் கோட்டுக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லுங்கள். கோடே போடாமல் வந்தால், படிக்கவில்லை என்று அர்த்தம்! பொங்கலுக்குப் பிறகு வார அட்டவணையைப் பிள்ளையே போடட்டும். நீங்கள் சனிக்கிழமை மட்டும் நோட்டைப் பாருங்கள்.

முதல் மாதம் அட்டவணை கிழிந்துபோகும். திங்கட்கிழமை பத்து மணிக்கு எழுந்திருப்பான். சனிக்கிழமை நோட்டு வெள்ளையாக இருக்கும். அம்மாவுக்கு மனசு பொறுக்காது. மறுபடி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கேதான் திட்டம் கெட்டுப்போகிறது. இரண்டு மூன்று வாரம் வீணாகட்டும். பத்தாம் வகுப்பில் ஆறு மாதம் வீணாவதைவிட இப்போது மூன்று வாரம் வீணாவது மேல்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் படிப்பு என்பது பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. சமையலும் அவள், பாடமும் அவள், திட்டு வாங்குவதும் அவள். சனிக்கிழமை நோட்டுப் பார்க்கும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ளலாம். இருவருமே வேலைக்குப் போய்விட்டுப் பிள்ளை நாள் முழுவதும் செல்போனுடன் தனியாக இருக்கும் வீட்டில், இந்தப் பேச்சே வேண்டாம். பள்ளிக்கூடம்தான் சரி. அங்கே நாலு நண்பர்களாவது கிடைப்பார்கள்.

அடுப்படி அட்டவணை

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 13 வயதில் பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்திவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உயர்நிலைப் பள்ளி தூரம், பஸ் வசதி இல்லை, வயசுக்கு வந்துவிட்டாள் என்று காரணம் சொல்லுவார்கள். "வீட்டிலேயே படிக்கிறாள்" என்றும் சொல்லுவார்கள்.

படிக்கிறாளா? அவள் நாளைக் கொஞ்சம் பாருங்கள். காலையில் தண்ணீர் பிடிக்கிறாள். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறாள். சமையல், பாத்திரம், துணி. பிறகு கைக்குழந்தை. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அவளுக்கு அட்டவணை போட்டது அடுப்பு! இதற்குப் பெயர் வீட்டுக் கல்வி அல்ல. பையனைக் கடையில் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு "வியாபாரம் படிக்கிறான்" என்று சொல்வதும் இதே ரகம்தான்.

உண்மையாகவே வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று சொல்பவர்களிடம் நான் மூன்று கேள்வி கேட்பேன். பிள்ளைக்கென்று தினம் நான்கு மணி நேரம் யாரும் வேலை ஏவாமல் இருக்கிறார்களா? போன வாரம் எழுதிய நோட்டைக் காட்ட முடியுமா? எந்தப் பரீட்சை, எந்த மாதம் என்று பிள்ளைக்கே தெரியுமா? ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால், நாளைக்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை "இடம் இல்லை, சான்று இல்லை" என்று அரசுப் பள்ளியில் யாரும் சொல்லமுடியாது.

தனியாக எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு, விண்ணப்பிக்கவேண்டிய தேதியைப் பத்திரிகையில் அறிவிப்பார்கள். தேதி தவறினால் அடுத்த பரீட்சை வரை காத்திருக்கவேண்டியதுதான். அந்த அறிவிப்பைத் தேடிக் கத்தரித்து வைக்கும் வேலையையும் பிள்ளையிடமே கொடுங்கள்.