விடிந்துவிட்டது என்று சொல்ல ஒருவர் வேண்டும்



மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பேறு பெற்றவர்களுள் இருவரை நாம் அனைவரும் அறிவோம். ஒருவர் பிலால் (ரலி). மற்றவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி). பிலால் (ரலி) அவர்கள் இரவு இருக்கும்போதே பாங்கு சொல்வார்கள். நோன்பு நோற்போர் அதன் பின்னும் உண்ணலாம், பருகலாம். இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பாங்கு கேட்டதும் ஸஹர் உணவை நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்குக் கண்பார்வை இல்லை. கிழக்கு வெளுப்பதை அவர்கள் எப்படி அறிந்தார்கள்? "விடிந்துவிட்டது" என்று மக்கள் வந்து சொல்லும்வரை அவர்கள் பாங்கு சொல்வதில்லை என ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஓர் ஊரின் நோன்பே அந்த ஒரு வார்த்தையை எதிர்பார்த்து நின்றது. அதை யாரும் குறையாகக் கருதவில்லை. நினைவூட்டப்படுவதை அவர்களும் இழிவாக எண்ணவில்லை.

இந்த நிகழ்வை நான் சிந்திக்க நேர்ந்தது, என் வீட்டு அலமாரியில் கிடந்த ஒரு மருத்துவச் சீட்டினால். என் மகளின் இடக்கண்ணைப் பரிசோதித்த மருத்துவர், அடுத்து வர வேண்டிய தேதியை அதில் எழுதிக் கொடுத்திருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்தேன். பத்திரமாகவே இருந்தது. நான் அதைக் கையில் எடுத்தபோது தேதி கடந்து ஏழு வாரங்கள் ஆகியிருந்தன. பிள்ளையின் மீது அன்பில்லாமலா? இல்லை. மறதி, அவ்வளவுதான்.

ஜோலார்பேட்டையிலும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு போன்ற நம் சுற்றுவட்ட ஊர்களிலும் இப்படிக் கடந்துபோன தேதிகள் எத்தனை வீடுகளில் உறங்குகின்றனவோ! அவற்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

குழந்தையின் கண் காத்திருப்பதில்லை

பெரியவர்களுக்குக் கண்புரை வந்தால் அறுவைச் சிகிச்சையைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டாலும் பெரும்பாலும் பார்வையை மீட்டுவிடலாம். குழந்தையின் நிலை வேறு. பிறந்த குழந்தைக்குக் கண் இருந்தாலும், அதைக் கொண்டு காண்பதை மூளை சிறுகச் சிறுகத்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு கண்ணிலிருந்து மங்கலான பிம்பமே வருமானால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்து மற்றக் கண்ணை மட்டும் நம்பத் தொடங்கும். இதையே 'சோம்பல் கண்' என்கிறார்கள். நல்ல கண்ணைக் கொண்டு பிள்ளை ஓடும், ஆடும், எழுதும்; ஆகவே பெற்றோருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி அணிவித்தும், நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. வயது ஏற ஏறப் பலன் குறையும். இடையிடையே மருத்துவர் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டும். கண்புரை அகற்றப்பட்ட குழந்தைக்கும் அவ்வாறே. அறுவைச் சிகிச்சை பாதி வேலைதான். மீதிப் பாதி அடுத்தடுத்த வருகைகளில் இருக்கிறது.

குறைமாதக் குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைக்கும், பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. இந்த நாட்கள் கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே சான்று. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. தேவை என்று பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலையில், சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தப் பெண்ணுக்கு விடியலைக் காட்ட முடியுமா? உரிய நாளில் ஒருவர் சொல்லியிருந்தால் போதுமே!

தொலைபேசி என்ன செய்ய முடியும்?

2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வேலூரில் 1902இல் நாற்பது படுக்கைகளோடு தொடங்கிய ஷெல் மருத்துவமனை, இன்று சி.எம்.சி.யின் கண் மருத்துவமனையாக இருக்கிறது. ஜோலார்பேட்டை சந்திப்பில் ரயிலேறினால் காட்பாடியில் இறங்கி அங்கே போய்விடலாம். ஆக, கண்டறிய ஆள் உண்டு. சிகிச்சைக்கு இடமும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது வருகைகளில்தான் சங்கிலி அறுந்துபோகிறது.

இதைக் குறித்துச் சீனாவின் குவாங்சோ நகரக் கண் மருத்துவமனை ஒன்றில் ஓர் ஆய்வு நடந்து, 2012இல் வெளியானது. கண்புரைக்குச் சிகிச்சை பெற்றுவந்த 258 குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும், வர வேண்டிய நாளுக்கு முன் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். செய்தி பெறாதவர்கள் 100 வருகைகளில் 62க்கு வந்தார்கள். பெற்றவர்கள் 91க்கு வந்தார்கள். புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. சில சொற்கள் மட்டுமே. செய்தி வராதபோது வராமல் இருந்தவர்களும் அன்பற்ற பெற்றோர்கள் அல்லர் என்பதை இந்த எண்கள் நமக்கு உணர்த்துகின்றன.

"அல்லாஹ் நாடினால் குணமாகும், இதற்கு அலாரம் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வை என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். "கைப்பேசிதானே பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கிறது?" என்று கேட்போரும் உண்டு. உண்மைதான், மணிக்கணக்கில் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு இருந்தால் கெடுக்கும். தொழுகை நேரத்தை அறிவிக்க அதே கருவியை நாம் பயன்படுத்தவில்லையா? ஐவேளையும் பாங்கொலி கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். நினைவூட்டுவது முஃமின்களுக்குப் பயனளிக்கும் என்று குர்ஆன் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

யாருடைய கைப்பேசி?

ஆயினும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீடுகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனையில் பதிவு செய்யும்போது பெரும்பாலும் அத்தாவின் எண்ணைத்தான் கொடுக்கிறோம். அவர் தோல் தொழிற்சாலையிலோ, பெங்களூரிலோ, வளைகுடாவிலோ இருக்கிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுபவர் அம்மா. அவருக்குச் செய்தி வருவதில்லை. அவரும் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குச் செல்பவராக இருந்தால், பகலில் வரும் அழைப்பை எடுக்க முடிவதில்லை. ஆங்கிலத்தில் வரும் செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடுகிறோம். வீட்டில் உருதுமொழி பேசும் தாய்மாருள் தமிழ் எழுத்தை வாசிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தைவிடக் குரலே பயன்படும்.

எனவே மருத்துவமனைகளிடம் நாம் பணிவோடு கேட்க வேண்டியவை சில: பிள்ளையை அழைத்து வருபவரின் எண்ணைக் கேட்டுப் பதியுங்கள். தமிழிலும் உருதுவிலும் குரல்வழி அழைப்பு வரட்டும். வேலை முடிந்து வீடு திரும்பும் மாலை நேரத்தில் வரட்டும். வர இயலாதென்றால் வேறு தேதி கேட்க வழியிருக்கட்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மருத்துவர் தேதி சொன்னவுடன், அந்த அறையை விட்டு வெளியே வருமுன்பே, தாய் தந்தை இருவரின் கைப்பேசியிலும் அதைப் பதிந்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கு முன் ஒரு நினைவூட்டல். விடுப்புச் சொல்லவும் பணம் ஒதுக்கவும் அது உதவும். முந்தைய நாள் மஃரிபுக்குப் பின் இன்னொன்று. தேதி ரமலானில் வந்தால் "பெருநாள் கழியட்டும்" என்று தள்ளாதீர்கள். நோன்பு சிறு பிள்ளைக்குக் கடமையில்லை. நோன்பு நோற்ற தாயால் போக இயலாதென்றால் வீட்டில் வேறொருவர் அழைத்துச் செல்லலாம். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளை வரன் அமையாது என்ற பேச்சுக்கும் செவிகொடுக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து ஒரு கண்ணைப் பறிகொடுப்பது எவ்வகையில் நியாயம்?

மஹல்லா ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுக்க வேண்டிய குடும்பத்துக்கு எத்தனை முறை மணியடித்தாலும் அது வேதனையைத்தான் நினைவூட்டும். பைத்துல்மாலிலிருந்து அந்தப் பயணச் செலவையும் கூலியையும் கொடுங்கள். பெற்றோரின் சம்மதத்தோடு, மஹல்லாவில் ஒரு சகோதரி அந்தத் தேதிகளைக் குறித்துவைத்து, முந்தைய நாள் ஒரு வார்த்தை கேட்கட்டும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்ல வேண்டாம். ஒரு பிள்ளையின் நோய் ஊருக்கான செய்தியன்று.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுடைய கண்ணும் அப்படித்தான். என் மகளை ஏழு வாரத் தாமதத்துக்குப் பிறகு அழைத்துச் சென்றேன். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, நல்ல கண்ணை மூடும் நேரத்தை மட்டும் கூட்டினார். என் மறதிக்கான கடனை நாள்தோறும் அவள்தான் அடைக்கிறாள். இப்போது முந்தைய நாள் மாலையில் இரண்டு கைப்பேசிகளும் ஒலிக்கின்றன. அவளே ஓடிவந்து, "அத்தா, நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி" என்கிறாள்.

இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்கு விடியலை அறிவித்த மக்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் செய்தது சிறிய உதவி. ஆனால் உரிய நேரத்தில் செய்தார்கள். இந்த வாரம் உங்கள் அலமாரியில் உள்ள சீட்டை எடுத்துப் பாருங்கள். அண்டை வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் பிள்ளைகளின் கண்களுக்கு அல்லாஹ் ஒளியையும், அவர்களைப் பேணும் நமக்கு விழிப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.