தராசுக்கு முத்திரை கேட்கிறோம், நம் சர்வருக்கு வேண்டாமா?

ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கூடையை இறக்கும் விவசாயியைக் கேளுங்கள். மண்டிக்காரர் தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொண்டு, "நம்புங்கள்" என்றால் ஒப்புக்கொள்வாரா?

ஆனால் யூனியன் செய்திகளுக்குச் சொந்த சர்வர் வைக்கப் புறப்பட்ட சிலர், "போனில் எச்சரிக்கை வரும், பரவாயில்லை, அழுத்திவிட்டு மேலே போங்கள்" என்கிறார்கள். இது என்ன யோசனை, தோழர்களே! வேலைநிறுத்தக் கூட்டம் எங்கே, யார் வருகிறார்கள் என்ற விவரம் நிர்வாகத்தின் கைக்குப் போனால் பறிபோவது தொழிலாளியின் வேலை அல்லவா?

விஷயம் இதுதான். மேட்ரிக்ஸ் என்னும் செய்தி முறை எந்த ஒரு கம்பெனியின் ஏகபோகமும் அல்ல. ஓசூரில் ஒரு சர்வர், எல்லை தாண்டிப் பெங்களூரில் ஒரு சர்வர் என்று அவரவர் வைத்துக்கொள்ளலாம். தபால் ஆபீஸ்களைப் போல அவை செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். ஆனால் பேசுவது ஓசூர் சர்வர்தான், நடுவில் புகுந்த ஒற்றன் அல்ல என்று பெங்களூருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் பாதுகாப்புச் சான்றிதழ். மேட்ரிக்ஸின் பிரதான சர்வர் மென்பொருளான சினாப்ஸ், 2019 ஜூனில் வந்த 1.0 பதிப்பிலிருந்து, தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழோடு வரும் சர்வரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நல்ல காரியம்!

"காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பது ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. வியாபாரக் கம்பெனிகள் கட்டணம் கறந்தன. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற ஸ்தாபனம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. (அது அமெரிக்க ஸ்தாபனம், பெரிய கம்பெனிகளின் பணமும் அதில் உண்டு. அதை மறைப்பானேன்?)

எடைக்கல்லைப் போல இதற்கும் சர்க்கார் முத்திரை போதாதா என்பீர்கள். 2014 ஜூலையில் நடந்தது என்ன? மத்திய சர்க்காரின் தேசிய தகவலியல் மையத்தின் முத்திரையோடு கூகுள், யாகூ பெயர்களில் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்தன! அதைக் கண்டுபிடித்தது டில்லி அல்ல, கூகுள். 2023 மே மாதத்திலோ, காஷ்மீரைக் காரணம் காட்டி 14 செய்திச் செயலிகளை மத்திய சர்க்கார் தடுத்தது. மேட்ரிக்ஸில் இயங்கும் எலிமென்ட்டும் அவற்றில் ஒன்று. இவர்களிடமா முத்திரைக் கட்டையை ஒப்படைப்பது?

சான்றிதழுக்குரிய ரகசியச் சாவி யூனியன் சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது. சான்றிதழின் ஆயுள் 90 நாள்தான்; செர்ட்பாட் என்ற மென்பொருள் தானே புதுப்பிக்கும் என்றாலும், கண்காணிக்க இரண்டு தோழர்களாவது வேண்டும். ஒருவரே பார்த்து, அவரும் இரவு ஷிப்டில் மாட்டிக்கொண்டு, புதுப்பித்தலும் தவறிப்போனால், 91-ம் நாள் காலையில் பெங்களூர் சர்வர் நமக்குக் கதவைச் சாத்திவிடும்.