சராசரி மறைக்கும் லயன் அறைகள்

"குட்டி இலங்கையைப் பார், இந்தியா எங்கே கிடக்கிறது பார்" என்பது நம் முற்போக்கு வட்டங்களில் அடிக்கடி கேட்கும் வாதம். பொய்யல்ல. ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் 2023ஆம் ஆண்டுக்கு இலங்கை 89ஆம் இடம், இந்தியா 130. 1931லேயே வயது வந்தோருக்கு வாக்குரிமை, 1945இல் இலவசக் கல்வி. ஏழை நாடும் தன் மக்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்குப் பொருளியலாளர்கள் காட்டும் எடுத்துக்காட்டு அது.

தாராசுரத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. நம் தஞ்சையிலிருந்தும் திருச்சி, புதுக்கோட்டை, சேலத்திலிருந்தும் கங்காணிகள் கூட்டிப்போனவர்கள் அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார்கள்? பள்ளரும் பறையரும் சக்கிலியருமாகப் பண்ணையடிமைத்தனத்துக்கும் பஞ்சத்துக்கும் தப்பிப் போனவர்கள். காட்டை வெட்டித் தேயிலை வளர்த்தவர்கள். இலவசப் பள்ளிக்கும் இலவச மருத்துவமனைக்கும் செலவான காசில் அவர்கள் பறித்த கொழுந்தும் இருந்தது.

1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோனது. வாக்கில்லாதவர்களுக்கு எந்த அமைச்சர் பள்ளிக்கூடம் கட்டுவார்? தோட்டப் பள்ளிகளை அரசு தன் கையில் எடுக்க 1970கள் வரை ஆனது. இடையில் 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு கன்றிடம் யாராவது சம்மதம் கேட்பார்களா, அப்படித்தான். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003 வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

விளைவு குழந்தைகளின் உடம்பில் தெரிகிறது. 2016 கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுக்க 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அதே குறைபாடு பட்டியல் சாதிக் குழந்தைகளிடம் 39 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத சாதிகளில் 30. ஒரே நாடு, ஒரே அரசு, ஒரே ரேஷன் கடை. வெளிநாட்டோடு ஒப்பிடுவதற்கு முன்னால் ஊருக்கும் சேரிக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்தாக வேண்டும்.

அளக்க விடுகிறார்களா என்றால், இல்லை. இலங்கை தன் கணக்கெடுப்பில் தோட்டங்களையாவது தனியாக எண்ணிக் காட்டுகிறது. நம் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கையில் சாதிவாரிப் பத்தியே கிடையாது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மொத்தமாக ஓர் எண். தாராசுரத்தின் கோயில் வீதிக் குழந்தையும் சேரிக் குழந்தையும் அந்த ஓர் எண்ணுக்குள்ளேதான்.