கழற்றினார்களா, கழற்றியிருந்தார்களா?

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி இருக்கிறது பீன்யா. 1970களில் உருவான இந்தத் தொழிற்பேட்டை, ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. லேத் பட்டறை, பவர் பிரஸ், முலாம் பூசும் கூடம், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்று சிறிதும் பெரிதுமாக ஷெட்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழர்களும் இங்கே உண்டு. பக்கத்து மெஷின்காரரோடு பேசக் கன்னடம் தானாக வந்துவிடுகிறது. காகிதத்தோடு பேசத்தான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. லீவ் லெட்டர், மெமோவுக்குப் பதில், விபத்து அறிக்கை எல்லாமே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

அந்தக் காகித ஆங்கிலத்தில் பலரைக் கவிழ்க்கும் சின்னச் சொல் 'ஹேட்'. பள்ளிக்கூடத்தில் 'பாஸ்ட் பர்ஃபெக்ட்' என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன சங்கதி. ஆனால் இந்தச் சொல் சில சமயம் ஒரு மனிதரின் விரல்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பவர் பிரஸ்ஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கை உள்ளே போகாமல் தடுக்கும் கார்டு அதில் இல்லை. உற்பத்தி வேகத்துக்காக யாரோ கழற்றியாகிவிட்டது. ஆபரேட்டரின் கை நசுங்குகிறது. அறிக்கை எழுதுபவர் இப்படி எழுதுகிறார்: 'வென் ஹி கேம் டு தி மெஷின், தே ரிமூவ்ட் தி கார்டு.' இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பொருள் என்ன? அவர் வந்தார், பிறகு கழற்றினார்கள். அதாவது அவர் கண்ணெதிரிலேயே கார்டு கழன்றது. தெரிந்தேதான் கை வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் கதை மாறுகிறது: 'தே ஹேட் ரிமூவ்ட் தி கார்டு.' அவர் வருவதற்கு முன்பே கழற்றியாகிவிட்டது. அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

இந்த வித்தியாசம் வெறும் வாத்தியார் வேலை அல்ல. தொழிலாளர் இழப்பீட்டுக்காக 1923இல் வந்த சட்டமே ஒரு விலக்கை எழுதி வைத்தது. பாதுகாப்புக்கான தடுப்பு இருப்பது தெரிந்தும் தொழிலாளி வேண்டுமென்றே அதை அகற்றியதாலோ அலட்சியம் செய்ததாலோ காயம் பட்டால், முதலாளி இழப்பீடு தரத் தேவையில்லை. உயிர் போனாலோ நிரந்தரமான முழு ஊனம் ஏற்பட்டாலோ இந்த விலக்கு செல்லாது. ஆக, யார் கழற்றினார்கள் என்பதைப் போலவே எப்போது கழற்றினார்கள் என்பதும் பணம் பெறும் கேள்வி. ஒரு 'ஹேட்' மட்டும் வழக்கைத் தீர்மானிக்காது, உண்மைதான். சாட்சிகள் இருக்கிறார்கள், பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் முதல் காகிதம் தவறான வரிசையைச் சொன்னால், பிறகு வரும் ஒவ்வொரு சாட்சியும் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தமிழருக்கு இது புதிதே அல்ல. 'அவர் வந்தபோது கார்டைக் கழற்றினார்கள்', 'அவர் வந்தபோது கார்டைக் கழற்றியிருந்தார்கள்' என்ற இரண்டுக்கும் உள்ள தூரம், பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கும் தெரியும். தொல்காப்பியமும் நன்னூலும் காலம் மூன்று என்றே சொல்கின்றன. இறப்புக்குள் இன்னொரு இறப்பு என்று தனிக் காலம் வகுக்கவில்லை. ஆனால் பேச்சு அந்த வேலையை 'இரு' என்ற துணைவினையிடம் ஒப்படைத்துவிட்டது. செய்து, இருந்தான்: செய்திருந்தான். ஆங்கிலத்துக்கு 'ஹேட்' எப்படியோ, தமிழுக்கு 'இருந்' அப்படி. இன்னும் சொல்லப்போனால் ஆங்கிலம் சுலபம். ஐ, ஹி, தே என்று யார் வந்தாலும் 'ஹேட்' மாறாது. அதன் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும், அவ்வளவுதான். 'ஹேட் வென்ட்' அல்ல, 'ஹேட் கான்'.

லத்தீன் இலக்கணக்காரர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள், 'முற்றுக்கும் மேற்பட்டது'. முடிந்துபோன ஒன்றுக்கும் முன்னாலேயே முடிந்தது. பெயரே பாதி விளக்கம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? தமிழ் 'இருந்' செய்யும் எல்லா வேலையையும் ஆங்கில 'ஹேட்' செய்வதில்லை என்பதில்தான்.

'நேற்று மைசூர் போயிருந்தேன்' என்கிறோம். போனேன், திரும்பியும் வந்துவிட்டேன் என்று அர்த்தம். கன்னடத்திலும் 'ஹோகித்தே' என்று இதே வார்ப்பு. இந்தியிலும் 'கயா தா' கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. எனவே பீன்யாவில் தமிழர், கன்னடர், வடக்கிலிருந்து வந்தவர் மூவரும் ஒரே மாதிரி 'ஐ ஹேட் கான் டு மைசூர் எஸ்டர்டே' என்கிறார்கள். மூவருக்கும் புரிந்தும் விடுகிறது. இந்திய ஆங்கிலத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே மொழியியலாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த வாக்கியம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் காதில் விழும்போது அவர் காத்திருக்கிறார். 'போயிருந்தாய், சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என்று. 'ஹேட்' தனியாக நிற்காது. இறந்தகாலத்தில் இன்னொரு நிகழ்ச்சியோ ஒரு மணி நேரமோ கூட இருக்க வேண்டும். முந்தின வாக்கியத்தில் இருந்தாலும் போதும். அப்படி எதுவும் இல்லையென்றால் 'ஐ வென்ட்' என்று சொல்லிவிட்டுப் போவதே அழகு.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னாலும் 'ஹேட்' தேவையில்லை. வந்தார், கார்டு போட்டார், சுவிட்சைத் தட்டினார் என்று அடுக்கும்போது சாதாரண இறந்தகாலமே போதும். கதை முன்னே போய்க்கொண்டிருக்கையில் ஒரு அடி பின்வாங்கி, 'அதற்கு முன்னாலேயே' என்று சொல்ல நேரும்போதுதான் அதைக் கூப்பிட வேண்டும். 'ஆஃப்டர்', 'பிஃபோர்' போன்ற சொற்கள் வரிசையைத் தெளிவாகக் காட்டிவிட்டால் அப்போதும் கட்டாயமில்லை.

எதிர்த் திசையிலும் ஒரு விபத்து நடக்கிறது. அதற்குப் பொறுப்பாளிகள் தொழிலாளர்கள் அல்ல, செய்தி மொழிபெயர்ப்பவர்கள். ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது ஆங்கிலம் காலத்தைப் பின்னுக்குத் தள்ளும். 'தி மேனேஜர் செட் ஹி ஹேட் பெய்ட் தி வேஜஸ்.' தமிழில் 'சம்பளம் கொடுத்துவிட்டதாக மேலாளர் சொன்னார்' என்றால் முடிந்தது. 'என்று' என்பதும் 'ஆக' என்பதும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பத்திரிகைத் தமிழில் 'கொடுத்திருந்ததாக மேலாளர் தெரிவித்திருந்தார்' என்று வருகிறது. எந்த நிகழ்ச்சிக்கு முன்னால் தெரிவித்திருந்தார்? யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் நாம் கூட்டிய 'ஹேட்', தமிழில் வட்டியோடு திரும்பி வருகிறது.

காகிதம் எழுத வேண்டியவருக்கு நடைமுறை யோசனை ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் மணியை எழுதுங்கள். ஏழு மணிக்குக் கார்டைக் கழற்றினார்கள், எட்டு மணிக்கு இவர் ஷிஃப்டுக்கு வந்தார், எட்டேகாலுக்குக் கை மாட்டிக்கொண்டது. இந்த மூன்று வாக்கியங்களை எந்தக் கெட்டிக்கார வக்கீலும் திருப்பிப் போட முடியாது. ஆங்கிலத்தில் எழுதி வைத்துக் கையெழுத்துக் கேட்டால், அதைத் தன் மொழியில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். 'கழற்றினார்கள்' என்று வருகிறதா, 'கழற்றியிருந்தார்கள்' என்று வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். காது ஏமாறாது.

'ஹேட்' வரும் இன்னொரு இடமும் உண்டு. 'இஃப் தி கார்டு ஹேட் பீன் தேர்...' கார்டு இருந்திருந்தால் விரல் போயிருக்காது. இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே நடக்கின்றன. நடக்காமல் போனதைச் சொல்ல இரண்டு மொழிகளும் இறந்தகாலத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு அடி போகின்றன. இந்த வாக்கியத்தைத் தப்பில்லாமல் எழுதக் கற்றுக்கொள்ளலாம். எழுத வேண்டிய தேவையே வராமல், கார்டை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பது இன்னும் நல்லது.